ஒற்றைச் சில்லு முரண்டு பிடித்தால்: கொழும்பு ஓட்டிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

100.8 வோல்ட் ஷெர்மனில் தொடங்கி 126 வோல்ட் வி13, 134 வோல்ட் மாஸ்டர், 151 வோல்ட் லிங்க்ஸ் வரை பெரிய மின்சார ஒற்றைச் சில்லு (இரண்டு பக்கப் பெடலிலும் நின்றபடி ஓட்டும் ஈயூசி) ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏறுவது, திரும்புவது, அவசரத்துக்கு நிறுத்துவது எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை என்றே வைத்துக்கொள்கிறேன். சில்லு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தால் எங்கே பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

மோட்டார் சைக்கிளில் எஞ்சின் நின்றால் வண்டி உருண்டுபோய் ஓரத்தில் நிற்கும். ஒற்றைச் சில்லில் உங்களை நிமிர்த்தி வைத்திருப்பதே மோட்டர்தான். அது ஒரு கணம் கைவிட்டாலும் நீங்கள் தாரில் கிடப்பீர்கள். அதனால் எந்தக் குறி தென்பட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதில் ஏறி வீட்டுக்குப் போகலாமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா? 40 கிலோ சில்லென்றாலும் ஆட்டோவின் பின் ஆசனத்துக்கு முன்னால் வசதியாக நிற்கும். அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

திறப்பதற்கு முன்

600 வோல்ட் தாங்கும் மல்ட்டிமீற்றர், நல்ல அலன் கீ செட், நம்பக்கூடிய காற்றழுத்த மானி, இவற்றோடு பழைய 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்ப் ஒன்று, ஹோல்டரும் இரண்டு வயரும் பூட்டி வைத்திருங்கள். பல்ப் எதற்கு என்றால், சில்லை நிறுத்தி பெட்டரியைக் கழற்றிய பிறகும் மோட்டரை இயக்கும் போர்டில் உள்ள கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். போர்டுக்கு மின்சாரம் வரும் நேர், எதிர் முனைகளில் பல்பின் வயர்களை வைத்தால் இழை சட்டென்று ஒளிர்ந்து, சிவந்து, அணைந்துவிடும். பிறகு மீற்றரை வைத்துப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கை வைக்கலாம்.

பெட்டரியை மட்டும் இப்படி அணைக்க முடியாது. 151 வோல்ட் நேரோட்டம் ஆளைக் கொல்லப் போதுமானது. மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு பெட்டரிப் பொதியையும் தனித்தனியாகக் கழற்றி, கழற்றியவுடனே முனைக்கு டேப் சுற்றுங்கள். ஈரமான சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வேகத்தில் பக்கவாட்டாக நடுங்குகிறது

பத்தில் எட்டுப் பேர் இதற்கு மோட்டரைச் சந்தேகிப்பார்கள். காரணம் பெரும்பாலும் டயரிலேயே இருக்கும். 80 கிலோ ஆளுக்கு, 3 அங்குல அகல டயரில், 26 முதல் 32 பிஎஸ்ஐ வரையில் எங்கோ ஓரிடத்தில் சில்லு சொன்ன பேச்சுக் கேட்கும். 20க்குப் பக்கத்தில் இறங்கினால் வேகத்தில் உதறத் தொடங்கும். பெற்றோல் செட்டில் காற்று அடிக்கப் போனால் குழாயின் தலை மோட்டருக்கும் ரிம்முக்கும் இடையில் நுழையாது. வளைந்த வால்வு நீட்டி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அதைப் பூட்டியபடியே ஓட வேண்டாம். ஆட்டத்தில் வால்வின் கழுத்து வெடிக்கும்.

காற்றுச் சரி என்றால் டயரின் முகத்தைப் பாருங்கள். பேஸ்லைன் வீதி போல நேரான ரோட்டிலேயே ஓடுகிறவர்களின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்து, இரண்டு ஓரத்திலும் விளிம்பு விட்டிருக்கும். சில்லு அந்த விளிம்பின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் நடுக்கம் வரும். இதற்கு டயரை மாற்றுவதுதான் வழி. முரட்டுப் பல் டயர் போட்டிருந்தால் தாரில் கொஞ்சம் நெளிவது அதன் இயல்பு. அதைப் பிழை என்று தேடி அலைய வேண்டாம்.

அடுத்து, சில்லைப் படுக்க வைத்து, டயரை இரண்டு கையாலும் பிடித்து அச்சுக்குக் குறுக்காக ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அச்சைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. இப்படியான சில்லில் ஏறக் கூடாது. பெடலைத் தாங்கும் கைகளின் போல்ட்டுகளையும் பாருங்கள். கழற்றியதை லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போடாமல் திரும்பப் பூட்டினால் தெஹிவளைக்குப் போய் வருவதற்குள் மறுபடி தளர்ந்துவிடும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது அநேகமாக உங்கள் கால்தான். களைத்த கால் விறைத்து நிற்கும், விறைத்த கால் நடுக்கத்தைப் பெருக்கும். நடுக்கம் தொடங்கிவிட்டால் பிரேக்கை இறுக்காதீர்கள். முழங்காலைத் தளர்த்தி, ஒரு காலில் பாரத்தைக் கூட்டி, மெதுவாக இடமும் வலமும் வளைந்தபடி வேகத்தைக் குறையுங்கள்.

வழக்கத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே எச்சரிக்கை மணி அடிக்கிறது, பெடல் பின்னால் சாய்கிறது

இந்தக் குறியில் எனக்கு அக்கறை அதிகம். விழுந்தவர்களிடம் விசாரித்தால், அன்றோ அதற்கு முந்திய நாட்களிலோ சில்லு இப்படிச் சொல்லிக் காட்டியிருக்கும்.

மோட்டர் சுழலும்போது அதுவே ஒரு ஜெனரேட்டர் போலத் தனக்கு எதிரான வோல்ட்டை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அந்த எதிர் வோல்ட் பெட்டரியின் வோல்ட்டை நெருங்கும். இரண்டும் சமமானால் மோட்டரிடம் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தூக்கிப் பிடித்து வெறுமனே சுற்றவிட்டால் ஒரு சில்லு ஒரு வேகத்துக்கு மேல் போகாததும் இதனால்தான். 151 வோல்ட்டில் அந்த வேகம் 120 கிலோமீற்றர் என்று வையுங்கள். பெட்டரி 122 வோல்ட்டுக்கு இறங்கியதும் அதே சில்லின் எல்லை 97 ஆகிவிடும். இது ஆள் ஏறாமல். ஆள் ஏறி, காற்றை எதிர்த்து, முன்னால் சாய்ந்து ஓடும்போது பெட்டரி இன்னும் பத்துப் பதினைந்து வோல்ட் தொய்யும். காலையில் 70இல் சுகமாகப் போன சில்லு, மாலையில் அதே 70இல் உங்களைத் தாங்க முடியாமல் போவது இப்படித்தான்.

எனவே வேகமானியை நம்பி ஓடாதீர்கள். பார்க்க வேண்டியது பிடபிள்யூஎம் வீதம். போர்ட் தன்னிடமுள்ள வோல்ட்டில் எத்தனை வீதத்தை மோட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அது சொல்லும். 100 ஆனால் கைவசம் ஒன்றுமில்லை. அந்த நேரம் நீங்கள் முன்னால் சாய்ந்தால் சில்லு உங்களைப் பிடிக்க முன்னால் வராது. ஈயூசி வேர்ல்ட், டார்க்னஸ்பொட், வீல்லொக் போன்ற செயலிகளில் இதைத் திரையில் வைத்து, 80 வீதத்தில் எச்சரிக்கை வரச் செய்யுங்கள். காலி வீதியில் தனியார் பஸ் பக்கத்தில் ஹோர்ன் அடித்தால் சில்லின் சொந்த மணி காதில் விழவே விழாது. கைக்கடிகாரத்தை அதிர வைப்பதோ, ஹெல்மட்டுக்குள் ஒரு பக்கக் காதில் குரலாகக் கேட்க வைப்பதோதான் பயன்படும்.

சரி, பிழை தேடும் முறைக்கு வருவோம். மணி அடித்த நொடியில் வேகம், நின்ற வோல்ட், ஓடும் வோல்ட், வீதம் ஆகிய நான்கையும் செயலியின் பதிவில் பாருங்கள். வேகமும் வோல்ட்டும் பழைய மாதிரியே இருக்க, வீதம் மட்டும் கூடியிருந்தால் எதிர்க்காற்றா, டயரில் காற்றுக் குறைவா, பின்னால் பாரமான பையா என்று யோசியுங்கள். பின்னேரம் கடற்காற்றை எதிர்த்து மரைன் டிரைவில் ஓடுவதே கணிசமான சுமை. நின்ற வோல்ட் நன்றாக இருந்து, முன்னால் சாய்ந்ததும் வழக்கத்தைவிட ஆழமாகத் தொய்ந்தால் பெட்டரியில் வேலை இருக்கிறது. அடுத்த பகுதி அதற்குத்தான்.

மணியே அடிக்காமல், நின்ற இடத்திலேயே பெடல் முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருந்தால் அது வேறு கதை. சாய்வு உணரியின் மட்டம் தவறியிருக்கிறது. சில்லை மட்டமான தரையில், முன்பின்னாக மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் நேராக நிறுத்தி, உங்கள் மாதிரிக்கு உரிய முறையில் மட்டம் பிடியுங்கள். ஃபர்ம்வெயார் (சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்த பிறகு இப்படி வந்தால், பெடலின் கடினம், சாயும் வேகம், எச்சரிக்கை எல்லைகள் ஆகியவையும் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பியிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஓடும் தூரம் திடீரென்று குறைந்துவிட்டது

பெட்டரி கிழடாகிக் குறைவதென்றால் மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். நேற்று 90 கிலோமீற்றர் ஓடியது இன்று 45 ஓடுகிறது என்றால், பொதிகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்றே முதலில் எண்ணுங்கள்.

பெரிய சில்லுகளில் இரண்டோ நான்கோ பொதிகள் சமாந்தர இணைப்பில் இருக்கும். ஒன்று கழன்றாலும் மற்றவை அதே வோல்ட்டைக் கொடுக்கும். வோல்ட் சரியாகக் காட்டும், சார்ஜும் நிறையும். அதுதான் இதில் பொல்லாத விஷயம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் மிச்சப் பொதி தனியாக முழுச் சுமையையும் தூக்கும். தொய்வு இரண்டு மடங்காகும், சில்லு கைவிட்டு உங்களை விழுத்தும் வேக எல்லை அந்த அளவுக்குக் கீழே வரும். இதில் ஓடக் கூடாது. மெதுவாக ஓடி வீட்டுக்குப் போகிறேன் என்பதும் வேண்டாம். மிச்சப் பொதியின் பிஎம்எஸ் (பெட்டரியைக் காக்கும் சுற்று) சுமை தாங்காமல் துண்டித்தால் எல்லாம் ஒரே நொடியில் நிற்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். பாதிச் சார்ஜ் மட்டும் ஓடிய சில்லை நிறுத்தி, பொதிகளைத் தனித்தனியாகக் கழற்றி ஒவ்வொன்றையும் மீற்றரால் அளவுங்கள். எல்லாம் ஒரே வோல்ட்டில் இருந்தால் இணைப்புச் சரி. ஒன்று மட்டும் நிறைந்த வோல்ட்டிலேயே நின்றால் அதுதான் வேலை செய்யாமல் இருந்தது. அதன் கனெக்டரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் ஓரிடத்தில் மட்டும் தேநீர்க் கறை நிறத்துக்கு மாறியிருக்கும். உள்ளே தங்க முலாம் கருத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். தளர்ந்த இணைப்பு சூடாகி வெந்ததன் அடையாளம் அது. சுத்தம் செய்து திரும்பச் செருகுவது போதாது. இரண்டு பக்கக் கனெக்டரையும் வெட்டிவிட்டுப் புதிதாகச் சொல்டர் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரு பொதி 150 வோல்ட்டிலும் மற்றது 130 வோல்ட்டிலும் இருக்கும்போது இரண்டையும் சேர்த்துச் செருகினால், நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் கட்டுக்கடங்காத மின்னோட்டம் பாயும். கனெக்டர் உருகும், பிஎம்எஸ் எரியும், அதற்கு மேலும் நடக்கலாம். இரண்டையும் தனித்தனியாக முழுதாகச் சார்ஜ் செய்து, வித்தியாசம் 1 வோல்ட்டுக்குள் வந்த பிறகுதான் சேருங்கள்.

சார்ஜர் நேரத்துக்கு முன்பே பச்சை காட்டுகிறது

36 தொடர் செல் உள்ள சில்லில் நிறைந்த வோல்ட் 151.2. ஒரு செல்லுக்கு 4.2 என்ற கணக்கு. பச்சை வந்தும் 147, 148இலேயே நின்றால் இரண்டு காரணங்கள். ஒன்று, சார்ஜரின் வெளியீடே குறைந்துவிட்டது. அதைச் சில்லில் செருகாமல் தனியாக அளந்தால் தெரியும். மற்றது, ஒரு செல் தொகுதி மற்றவற்றுக்கு முன்பே 4.2ஐத் தாண்டி, பிஎம்எஸ் சார்ஜை வெட்டிவிட்டது. புதிய சில்லுகளின் செயலியிலேயே ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டையும் பார்க்கலாம். ஓடாமல் நிற்கும்போது வித்தியாசம் 0.05க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.1ஐத் தாண்டினால் சில முறை முழுதாகச் சார்ஜ் போட்டு, பச்சை வந்த பிறகும் சில மணி நேரம் கழற்றாமல் விடுங்கள். சமப்படுத்தும் வேலை உச்சத்தில்தான் நடக்கும். எப்போதும் 80 வீதத்தில் கழற்றுகிறவர்களின் பெட்டரியில் இந்த வித்தியாசம் மெல்லச் சேர்ந்துகொண்டே வரும். அப்படியும் ஒரே தொகுதி திரும்பத் திரும்பக் கீழே விழுந்தால் செல் பழுது. அந்தச் சில்லை ஓட்டவும் வேண்டாம், இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

இரவல் சார்ஜர் விஷயத்தில் கவனமாக இருங்கள். பல கம்பனிகள் ஒரே மாதிரி உருண்டை உலோகப் பிளக்கைத்தான் பயன்படுத்துகின்றன. 134 வோல்ட் சார்ஜர் 126 வோல்ட் சில்லில் ஒழுங்காகப் போய் உட்காரும். பிளக்கில் நேர், எதிர் முனைகளின் வரிசையும் கம்பனிக்குக் கம்பனி மாறும். வெளியீட்டு வோல்ட்டை ஒட்டுத்தாளில் எழுதி சார்ஜரின் முதுகில் ஒட்டிவையுங்கள்.

சுவர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 151 வோல்ட்டில் 5 அம்பியர் கொடுக்கும் சார்ஜர் சுவரிலிருந்து 800 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் உருண்டைப் பின் பிளக்கில் மாற்றி செருகி, அதன் மேல் இன்னொரு மாற்றி செருகியிருப்பதைப் பார்க்கிறோம். அரை மணி நேரம் கழித்து அதைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிழை அங்கேதான். கரண்ட் போனால் சார்ஜரை உடனே கழற்றிவிடுங்கள், திரும்பி வரும் முதல் நிமிடங்களில் வோல்ட் ஏறி இறங்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாசல் கதவுக்கும் படிக்கட்டுக்கும் குறுக்கே சில்லை வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. இனிப்பு வாசனை, சீறும் சத்தம், வெள்ளைப் புகை எதுவானாலும் அணைக்க முயலாமல் எல்லோரையும் வெளியேற்றி 110க்கு அழையுங்கள்.

அணைத்த சில்லு கையால் உருட்ட இறுக்கமாக இருக்கிறது

ஒரு நொடியில் செய்யக்கூடிய சோதனை இது. நல்ல சில்லை அணைத்துவிட்டு உருட்டினால் தாராளமாக உருளும். போர்டிலிருந்து மோட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மொஸ்ஃபெட் எரிந்து குறுக்கிணைப்பு ஆகியிருந்தால், பாகுக்குள் அகப்பையைக் கிளறுவது போல ஒரு தடிப்பு கைக்குத் தெரியும். வேகமாகத் தள்ளத் தள்ள இன்னும் எதிர்க்கும்.

போர்டா மோட்டரா என்று பிரிப்பதற்கு, மோட்டரிலிருந்து போர்டுக்கு வரும் மூன்று தடித்த வயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் டேப் சுற்றிவிட்டு மறுபடி உருட்டுங்கள். இப்போது தாராளமாக உருண்டால் போர்ட் போய்விட்டது. இன்னும் தடித்தால் மோட்டருக்குள் சுருளோ, அச்சு வழியாகப் போகும் வயர்களோ ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கின்றன. அச்சின் துளைக்குள் நுழையும் இடத்தில் உறை பளபளத்து, மிருதுவாகி, ஒரு வயரின் நிறம் மற்றதில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாரமான ஆள் மெதுவாகச் செங்குத்தான ஏற்றத்தில் போனால் அந்த இடம்தான் முதலில் வேகும்.

இரண்டில் எதுவானாலும் ஓட்டமில்லை. எரிந்த மொஸ்ஃபெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யாராவது சொன்னால் யோசியுங்கள். ஒன்று எரிந்தபோது அதை இயக்கும் சின்னச் சிப்பும், பக்கத்தில் இருந்த மொஸ்ஃபெட்டுகளும் அடிபட்டிருக்கும். மேசையில் ஓடும், ரோட்டில் 60இல் கைவிடும். போர்டை முழுதாக மாற்றுவதே என் தீர்ப்பு. கனடாவிலோ லண்டனிலோ இருந்து வரும் மச்சானிடம் போர்ட் சொல்லி அனுப்பலாம். பெட்டரிப் பொதியை அப்படிக் கொண்டுவர முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாட்மணி வரைதான் தாராளம், அனுமதி பெற்றால் 160. நம்முடைய ஒரு பொதியே அதைப் பல மடங்கு தாண்டும்.

புறப்படும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது

பெரும்பாலும் ஹோல் உணரி. மோட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று போர்டுக்குச் சொல்பவை இந்த மூன்று உணரிகள். ஒன்று செத்தால் புறப்படும்போது உறுமல், உதறல், பிழை மணி. சில சில்லுகள் வேகமெடுத்த பிறகு உணரி இல்லாமலே சமாளிக்கும். 'ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறதே' என்று அப்படியே ஓட வேண்டாம். அடுத்த சிக்னலில் நின்று புறப்படும்போது அது உங்களை முன்னால் தள்ளிவிடலாம்.

மெல்லிய வயர்க் கட்டில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூச்சியம், மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் உணரிகள். வேறொரு வயர் இருந்தால் அது வெப்ப உணரி. சில்லை மெதுவாகக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு உணரி வயரையும் அளவுங்கள். வோல்ட் பூச்சியத்துக்கும் மேல் அளவுக்கும் இடையில் மாறி மாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஆனால் மோட்டரைத் திறப்பதற்கு முன் கனெக்டரைப் பாருங்கள். கடலோரம் ஓடும் சில்லுகளில் பல நேரம் உணரி உயிரோடு இருக்கும், கனெக்டரின் முனைதான் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய பல் தூரிகையும் போதும். காய்ந்த பிறகு மின்கடத்தாக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

மழையில் நனைந்த பிறகு

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. கொழும்பில் நனையாமல் ஓடுவது நடக்காத காரியம். தூறலில் நனைவதும், ஆமர் வீதியில் தேங்கிய தண்ணீருக்குள் அச்சு மூழ்க இறங்குவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்யவே வேண்டாம், மூடி கழன்ற மேன்ஹோலும் அதற்குள்தான் இருக்கும்.

நனைந்த சில்லை அணைத்து, சார்ஜ் மூடியைத் திறந்து பாருங்கள். துளையில் ஒரு துளி தண்ணீர் தெரிந்தாலும் அன்று சார்ஜ் கிடையாது. முன் விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். விளக்குக்குள் ஈரம் போயிருக்கிறது என்றால் பக்கத்தில் உள்ள வயர் துளை வழியாக இன்னும் உள்ளேயும் போயிருக்கலாம். பக்க மூடிகளைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு முழு நாள் வைத்திருங்கள். வெயிலில் போட வேண்டாம், பெட்டரிக்கு ஆகாது. கடல் தண்ணீர் பட்டிருந்தால் காய வைப்பது மட்டும் போதாது. தண்ணீர் போகும், உப்பு நிற்கும், நம் ஊர் ஈரக் காற்றில் அது மறுபடி மறுபடி நனைந்து செம்பைத் தின்னும். போர்டைக் கழற்றி அல்கஹோலால் கழுவுவதுதான் வழி. பெட்டரிப் பொதிக்குள் தண்ணீர் போனதாகச் சந்தேகம் வந்தால் சில்லை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வாரங்கள் கழித்தும் அது தீப்பிடிக்கலாம்.

சூடாகிவிட்டது என்று மெதுவாக்குகிறது

கொழும்புக்குள் இது வருவது குறைவு, நிலம் மட்டம். வந்தால் விசிறியைப் பாருங்கள். சுற்றுகிறதா, வெப்பத்தட்டின் இடுக்கில் தூசி அடைத்திருக்கிறதா என்பது போதும்.

மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இது முக்கியம். கடுகண்ணாவை ஏற்றத்தில் மெதுவாகப் போனால் சூடு குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போதுதான் மோட்டர் சுருளில் மின்னோட்டம் அதிகம், மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். நடுத்தர வேகத்தில் ஏறி, சூடு கூடும்போது நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள்.

இறங்கும்போது வருவது எதிர்ப்பக்கச் சிக்கல். நுவரெலியாவில் இரவு முழுதும் சார்ஜ் போட்டு, காலையில் நிறைந்த பெட்டரியோடு றம்பொடைப் பக்கம் இறங்கினால் பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. வோல்ட் எல்லையைத் தாண்டி, மணி அடித்து, பெடல் பின்னால் சாயும். அதையும் மீறி இறங்கினால் சில்லு பிரேக் கொடுக்காமல் போகலாம். மேலேயிருந்து இறங்கும் நாளில் 80, 85 வீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணி அடித்துவிட்டால் ஓரமாக இறங்கி, மேல்நோக்கிக் கொஞ்சம் ஓடிக் கழித்துவிட்டு வாருங்கள்.

சத்தங்கள்

உருளும்போது வேகத்தோடு ஏறும் 'உர்ர்' என்ற சத்தம் பேரிங். சில்லைத் தூக்கி, அணைத்த நிலையில் சுற்றி, அச்சின் மேல் விரலை வைத்தால் மணல் அரைபடுவது தெரியும். வளையத்தில் எண் பொறித்திருக்கும், பழையதைக் கையோடு பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோனால் அதே அளவு கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள், மலிவானது வேண்டாம். பேரிங்கை இழுக்கப் புல்லர் வேண்டும், சுத்தியல் வேண்டாம். மோட்டருக்குள் உள்ள காந்தத்தின் இழுவைக்குள் விரலைக் கொடுத்துவிடாதீர்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் கீச்சென்றால் சஸ்பென்ஷனின் சறுக்குத் தண்டு. துடைத்து, சிலிக்கோன் தடவினால் அடங்கும். காற்று ஷொக்கில் பம்பைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பம்பின் குழாய்க்குள் போகும் காற்று அது, ஒழுக்கு என்று பயப்பட வேண்டாம். காலை ஊன்றி அழுத்தும்போது 'கிறிக்' என்றால் பெடலின் முளைத்தண்டு.

அழுத்தினால் உயிரே இல்லை

சார்ஜரைச் செருகிப் பாருங்கள். நீண்ட நாள் ஓடாமல் வைத்த சில்லில் பிஎம்எஸ் தானே துண்டித்திருக்கும், சிலவற்றில் சார்ஜர் பட்டதும் எழும்பும். எழும்பாவிட்டால் பொதிகளைத் தனியாக அளவுங்கள். வோல்ட் இருக்கிறது, சில்லு எழும்பவில்லை என்றால் பவர் பொத்தானும் அதன் வயரும், அப்புறம் பியூஸ், கடைசியாகப் போர்ட். ஒரு பொதி செல்லுக்கு 2.5 வோல்ட்டுக்கும் கீழே விழுந்து கிடந்தால், அதாவது 36 தொடரில் 90க்குக் கீழே, அதைச் சார்ஜர் போட்டு எழுப்ப முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கும், சார்ஜ் ஏற ஏறத்தான் அது ஆபத்தாகும். அந்தப் பொதியைக் கழற்றி, முனையை மூடி, வீட்டுக்கு வெளியே தரைக்கு ஓடு பதித்த இடத்தில் வைத்துவிட்டு, மாற்றுப் பொதிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.